ஆயிரமா, ஆயிரத்தொன்றா: பயன்பாட்டுவாதத்தின் இரு கிளைகள்

அ என்பவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். காப்பாற்றினால் அவருக்கு 1,000 அலகு நன்மை. மீறி வேறொன்றைச் செய்தால், எந்த வாக்கும் பெறாத ஆ-வுக்கு 1,001 அலகு. மற்ற விளைவுகள் இருபக்கமும் சமம். அதிக நன்மை விளைவிப்பதே சரி என்பவர்கள் பயன்பாட்டுவாதிகள். 1930-இல் மெய்யியலாளர் டபிள்யூ. டி. ராஸ் அவர்கள் முன் வைத்த கணக்கு இது.

செயல்வழிப் பயன்பாட்டுவாதம் கூசாமல் சொல்லும்: மீறு. ஒவ்வொரு செயலையும் அதனதன் விளைவால் எடைபோடுவதுதான் அதன் முறை. ஓர் அலகு கூடினாலும் கூடுதல் கூடுதல்தான். விதிவழிப் பயன்பாட்டுவாதம் தராசில் செயலை வைப்பதில்லை, விதியை வைக்கிறது. எல்லோரும் எந்த விதியை ஏற்றால் நன்மை மிகும்? ‘வாக்கைக் காப்பாற்று’ என்பதை. அப்படியானால் காப்பாற்று.

இந்தப் பெயர்களைப் புழக்கத்தில் விட்டவர் ரிச்சர்ட் பிராண்ட், 1959-இல். அதற்கு மூன்றாண்டு முன்பே ஜே. ஜே. சி. ஸ்மார்ட் விதிவழியாரைச் சீண்டியிருந்தார்: நன்மைக்காகத்தான் விதி என்கிறீர்கள், இந்த இடத்தில் மீறுவதே நன்மை என்று தெரிந்த பிறகும் பிடித்துத் தொங்கினால் அது விதி வழிபாடு அல்லவா? ஸ்மார்ட்டுக்கும் விதிகள் உண்டு. நேரமில்லாதபோது, தன் பக்கச் சாய்வு கணக்கைக் கெடுக்கும்போது கைகொடுக்கும் குறுக்குவழிகள், அவ்வளவே.

இதைவிட ஆழமாக வெட்டியது டேவிட் லயன்ஸ் 1965-இல் முன்வைத்த வாதம். ‘வாக்கைக் காப்பாற்று’ என்பதோடு ‘உயிர் போகும் நிலை தவிர’ என்று சேர்த்தால் விதியின் பயன் கூடுகிறது. இன்னொரு விலக்கு, இன்னும் கொஞ்சம் பயன். சேர்த்துக்கொண்டே போனால் மிஞ்சுவது ‘எது அதிக நன்மையோ அதைச் செய்’. சுற்றிச் சுற்றிச் செயல்வழியார் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறோம்.

இதற்கு நான் அறிந்தவற்றுள் உருப்படியான பதில் பிராட் ஹூக்கர் 2000-இல் தந்தது. விதி காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது, மனதில் பதிய வேண்டும். பதியவைக்கும் செலவையும் கணக்கில் எழுது என்றார். விலக்குகள் பெருகினால் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது கடினம். எவர் எப்போது வாக்கை உதறுவாரோ என்ற ஐயமும் சேரும். ஆகவே விலக்குப் பட்டியல் ஓரிடத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு புதிய தலைமுறையிலும் 90 சதவீதம் பேர் ஏற்பதாக வைத்துக் கணக்கிடுகிறார். ஏன் 100 இல்லை? எல்லோரும் ஏற்றுவிட்டால் மீறுவோரை என்ன செய்வது என்ற விதிக்கே வேலை இராது. 90 ஏன், 85 ஏன் இல்லை என்பதற்கு அத்தனை தெளிவான விடை இல்லை.

பேரழிவைத் தடுக்க விதியை மீறலாம் என்றும் ஹூக்கர் இடம் விடுகிறார். ராஸின் ஓர் அலகு பேரழிவு ஆகாது. ஓர் ஊர் அழிவது ஆகும். இடையில் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் செயல்வழியார் விடாமல் குடைவார்கள். குடைவதில் நியாயமும் இருக்கிறது.

தண்டனை விஷயத்தில் விதிவழியே தெளிவாக முந்துகிறது. கலவரத்தை அடக்க நிரபராதி ஒருவரைத் தண்டிப்பது, ரகசியம் காக்கப்பட்டால், செயல்வழிக் கணக்கில் தேறிவிடக்கூடும். ஜான் ரால்ஸ் 1955-இல் கேள்வியையே இடம் மாற்றினார்: ஒரு செயலாக அல்ல, நிறுவனமாக அதைக் கற்பனை செய்து பாருங்கள். தேவைப்பட்டால் நிரபராதியைத் தண்டிக்கும் அதிகாரம் பெற்ற அலுவலர்கள் இருக்கும் நாட்டில், அடுத்து சிக்குவது யார் என்று எவருக்கும் தெரியாது. வெளியாகும் எந்தத் தீர்ப்பையும் எவரும் நம்பமாட்டார்கள்.