டிவி நாய்ப் பயிற்சியாளர்களின் முறைகள்: ஒரு வருஷம் கழித்து எது நிற்கிறது?

லீஷை இழுத்துக்கொண்டு ஓடும் நாய், சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அருகில் யார் வந்தாலும் உறுமும் நாய், காலிங் பெல் அடித்தால் வீட்டையே இரண்டாக்கும் நாய். டிவியில் வரும் எல்லாப் பயிற்சியாளர்களிடமும் வந்து சேர்பவை பெரும்பாலும் இந்த மூன்றுதான். வைத்தியம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சீசர் மில்லானின் 'டாக் விஸ்பரர்' 2004-இல் நேஷனல் ஜியோகிராஃபிக் சேனலில் தொடங்கி 2012 வரை ஓடியது. விக்டோரியா ஸ்டில்வெலின் 'இட்ஸ் மீ ஆர் த டாக்' 2005-இல் பிரிட்டனின் சேனல் 4-இல் வந்தது. இருவர் சொல்வதையும் ஒரே வீட்டில் ஒரே நாயிடம் செய்துபார்க்கும் குடும்பங்கள் உண்டு. அப்பா ஒருவரைப் பின்பற்றுவார், பிள்ளைகள் இன்னொருவரை. அந்த நாய்க்குத்தான் கஷ்டம்.

ஒரு முறை நல்லதா இல்லையா என்பது நிகழ்ச்சி முடியும்போது தெரியாது. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். இங்கே எடைபோடுவது அந்தக் கணக்கில்தான்.

மில்லானிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை முதலில் சொல்லிவிட வேண்டும். உடற்பயிற்சி, ஒழுங்கு, பாசம் என்று அவர் வைக்கும் வரிசையில் முதலாவது அசைக்க முடியாத உண்மை. நாள் முழுக்க கிரில் கேட்டுக்குப் பின்னால் கட்டிக்கிடக்கும் நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. காலையும் மாலையும் நடை கிடைத்தால், குரைப்பு, கடித்துக் குதறுவது போன்றவற்றில் ஒரு பகுதி தானாகவே குறையும். அவர் சொல்லும் இன்னொரு விதி, புதிய நாயைச் சந்திக்கும்போது தொடாதே, பேசாதே, கண்ணைப் பார்க்காதே என்பது. பயந்த நாய் உள்ள வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு இதைவிட நல்ல அறிவுரை கிடையாது. வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நாய் தானாக வந்து முகர்ந்து விலகிப் போகட்டும். ஒரு வருஷம் கடைப்பிடித்தாலும் கெடுதல் எதுவும் வராத முறை இது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. 'ட்ஷ்ஷ்' என்ற ஒலியோடு கழுத்தில் விரல்களால் சட்டென்று ஒரு குத்து, குதிகாலால் விலாவில் ஒரு தட்டு, கழுத்துப் பட்டையைக் காதுகளுக்குப் பின்னால் உயரத்தில் ஏற்றி மேல்நோக்கி ஒரு சுண்டு, தேவைப்பட்டால் நாயைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து அடங்கும் வரை அமுக்குவது. பட்டையை உயரத்தில் ஏற்றுவதற்குக் காரணம் உண்டு. கழுத்தின் அடிப்பகுதியில் தசை அதிகம் என்பதால் நாயால் அங்கே முழு பலத்தோடு இழுக்க முடியும். மேலே அந்த பலம் கிடைக்காது. ஆனால் மேலே தோல் மெல்லியது, குரல்வளைக்கும் நெருக்கம். பட்டை இறுகி இழுபடும்போது கண்ணின் உள்ளழுத்தமும் கூடுகிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம்.

வீட்டில் இதைச் செய்யும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் வாரம் பிரமாதமாக வேலை செய்யும். நாய்க்குப் புதிதாக ஒரு அதிர்ச்சி, நின்றுவிடும். மூன்றாவது வாரத்தில் பழகிவிடும், அதனால் கை கொஞ்சம் கனமாகும். தண்டனை பயன்பட வேண்டுமானால் தவறு நடந்த நொடியிலேயே, ஒவ்வொரு முறையும், போதுமான வலுவோடு விழ வேண்டும். வீட்டில் இருப்பவர்களால் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்ய முடிவதில்லை. இரண்டு நொடி தாமதமானால் தண்டனை வேறெதற்கோ போய்ச் சேரும். எதிரே வந்த குழந்தையைப் பார்த்துக் குரைத்த நாயைச் சுண்டினால், அது குழந்தையையும் வலியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். அதோடு, கண்டிப்பவர் இல்லாத நேரத்தில் பழைய குணம் அப்படியே வெளிவரும். அப்பாவுக்கு அடங்கி பாட்டியை இழுத்துத் தள்ளும் நாய் உருவாவது இப்படித்தான்.

ஹோலி என்ற மஞ்சள் லாப்ரடாரின் அத்தியாயம் 2012-இல் வந்தது. சாப்பாட்டைக் காவல் காக்கும் நாய் அது. மில்லான் கிண்ணத்தருகே நெருங்கி நிற்கிறார், நாய் பாய்கிறது, அவர் பின்வாங்காமல் அழுத்தம் கொடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் நாய் படுத்துவிடுகிறது. அமைதியாகிவிட்டது என்று நினைத்து அவர் கையை நீட்டியதும் கையைக் கவ்விக் கடிக்கிறது. இதை எதிர்பார்க்கவில்லை என்று அவரே சொல்கிறார். ஆனால் ஒலியை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, உடம்பு விறைப்பது என்று நாய் வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. படுத்தது சமாதானமாகி அல்ல, போக வழியில்லாமல்.

இதுதான் நீண்டகாலப் பயன்பாட்டில் மிகப் பெரிய ஆபத்து. உறுமலைத் தண்டித்தால் உறுமல்தான் போகும், பயம் போகாது. நாய்க்கு உறுமல் ஒரு எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றிவிட்ட நாய் ஒருநாள் சத்தமில்லாமல் கடிக்கும். 'திடீர்னு கடிச்சிடுச்சு' என்று சொல்லப்படும் எத்தனையோ கடிகளுக்குப் பின்னால், அடக்கப்பட்ட பல உறுமல்கள் இருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 140 நாய் உரிமையாளர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அடித்தவர்கள் அல்லது உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரிடமும், நாயை மல்லாத்தி அமுக்கியவர்களில் 31 சதவீதம் பேரிடமும் நாய் ஆக்ரோஷமாகத் திரும்பியிருக்கிறது. கண்ணை முறைத்துப் பார்த்ததற்கே 30 சதவீதம். 'டாக் விஸ்பரர்' திரையில், நிபுணரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கை ஓடும். அந்த வரி ஓடியதற்குக் காரணம் இருக்கிறது.

மில்லானின் முறைக்கு அடிப்படை 'கூட்டத் தலைவன்' கொள்கை: வீட்டு மனிதர் தலைவனாக இருந்து நாயை அடக்கி வைக்க வேண்டும் என்பது. அது எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கியலாளர் 1947-இல் எழுதியது, விலங்குக் காட்சியகத்தில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கில் கவனித்துவிட்டு, 1999-இல் திருத்தி எழுதினார்: காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தகப்பனும் அவற்றின் குட்டிகளும்தான், அங்கே தலைமைக்குச் சண்டை நடப்பதில்லை. சோபாவில் ஏறிய நாய் உங்கள் பதவியைப் பிடிக்க வரவில்லை. மெத்தை இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டில்வெல் பக்கம் வருவோம். வேண்டிய நடத்தைக்குப் பரிசு, வேண்டாததற்கு வாய்ப்பே கிடைக்காதபடி ஏற்பாடு. ஒரு வருஷக் கணக்கில் ஜெயிப்பது இந்த முறைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதையும் டிவியில் பார்த்தபடி செய்தால் சொதப்பும். நிகழ்ச்சியில் ஒரு நிமிஷம் காட்டப்படுவது வீட்டில் ஆறு வாரம். திரையில் தெரியாத அளவுகள்தான் இங்கே முக்கியம்.

தீனிக் கணக்கு: 15 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கிலோகலோரி வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பரிசுத் தீனியாகப் போகக் கூடாது. தோலில்லாத கோழி நெஞ்சுக்கறியை உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்தால் 50 கிராம் அந்த அளவுக்குச் சரியாக வரும். பட்டாணியைவிடச் சற்றே பெரிதாக நறுக்கினால் 60 முதல் 80 துண்டு கிடைக்கும். அதை மூன்று வேளையாகப் பிரித்து, ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம் மட்டும். விரல் தடிமனில் பிஸ்கட் கொடுப்பவர்களின் நாய் பத்தாவது முறையிலேயே வயிறு நிறைந்து எழுந்து போய்விடும். பிறகு 'எங்க நாய்க்கு ட்ரீட்ல ஆர்வமே இல்லை' என்பார்கள்.

அடுத்தது நேரம். உட்கார்ந்த நொடியில் 'யெஸ்' என்ற சொல் அல்லது கிளிக்கர் (அழுத்தினால் 'க்ளிக்' என்று ஒலிக்கும் சின்னக் கருவி) ஒலி, அதன் பிறகுதான் கை பைக்குள் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் கையை முன்னதாகவே அசைத்துவிடுகிறார்கள், நாய் சொல்லைக் கேட்காமல் கையைப் படிக்கிறது. கவர் சரசரத்தால் மட்டும் கீழ்ப்படியும் நாய் உருவாவதும் இதனால்தான். தீனியைக் கையில் காட்டி உட்காரவைப்பது நான்கைந்து முறை மட்டுமே. அதன் பிறகு வெறுங்கையால் அதே சைகை, தீனி முதுகுக்குப் பின்னாலிருந்தோ அலமாரியிலிருந்தோ வரட்டும். பத்துக்கு எட்டு முறை சரியாக வந்த பிறகே கஷ்டத்தைக் கூட்ட வேண்டும்: ஹால், மொட்டைமாடி, கேட்டுக்கு உள்ளே, தெரு. ஹாலில் கற்றதைத் தெருவில் கேட்டால் நாய் முழிப்பது அடம் அல்ல. இடம் மாறினால் அதற்குப் பாடமே மாறிவிடுகிறது.

லீஷ் இழுப்பதற்கு இரண்டு மீட்டர் சாதாரண லீஷ், மார்பில் கொக்கி உள்ள ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை). அக்குளுக்கும் பட்டைக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் தோல் உரியும். நீண்டு சுருங்கும் லீஷ் கூடாது, எப்போதும் லேசாக இழுவிசை இருப்பதால் இழுவையே இயல்பு என்று அது கற்றுக்கொடுத்துவிடும். லீஷ் இறுகியதும் நில்லுங்கள், தளர்ந்ததும் நடங்கள். தீனியை உங்கள் முழங்கால் பக்கம், பேன்ட் தையலை ஒட்டிக் கொடுங்கள். முதல் வாரம் நூறு மீட்டருக்குக் கால் மணி நேரம் ஆகும், அதற்குத் தயாராக இருங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு கோளாறு உண்டு. நாய் இழுக்கிறது, நீங்கள் நிற்கிறீர்கள், அது திரும்பி வருகிறது, தீனி கிடைக்கிறது, உடனே மறுபடி இழுக்கிறது. இழுப்பதே தீனிக்கான முதல் படி என்று அது கற்றுவிட்டது. திரும்பி வந்ததற்குத் தீனி கொடுக்காதீர்கள், வந்து உங்களோடு நான்கு எட்டு நடந்ததற்குக் கொடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் 'அவசரம்' என்று இழுபட்டுக்கொண்டே போனாலும் எல்லாம் வீண்தான். எப்போதாவது பலிக்கும் பழக்கம்தான் கடைசிவரை போகாது.

ஹோலிக்கு நடந்ததை எப்படித் தவிர்ப்பது? நாய் பதற்றமில்லாமல் சாப்பிடும் தூரத்தைக் கண்டுபிடியுங்கள், இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து கிண்ணத்தைவிட ருசியான துண்டு ஒன்றைக் கிண்ணத்தருகே எறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை. நீங்கள் வருவதைப் பார்த்து நாய் தலையைத் தூக்கி, வாலைத் தளர்வாக ஆட்டினால் அரை அடி நெருங்கலாம். வேகமாக விழுங்குவது, சட்டென்று உறைவது, கடைக்கண்ணில் வெள்ளை தெரிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள். 'யார் எஜமான்' என்று காட்டக் கிண்ணத்தைப் பாதியில் பிடுங்குவதும், சோதிக்கக் கையை உள்ளே விடுவதும் இல்லாத நோயை வரவழைக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் நாய்க்குச் சாப்பாடு கதவு மூடிய அறையில்தான். ஏற்கெனவே தோல் கிழியக் கடித்த நாய் என்றால் இதை நீங்களே செய்ய வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் தொடங்குங்கள். வலியால் உறுமும் நாய்களும் நிறைய. கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும், வீட்டு நாயாக இருந்தாலும்.

பிராண்டன் மக்மில்லனின் 'லக்கி டாக்' சிபிஎஸ்-இல் 2013-இல் தொடங்கியது. காப்பக நாய்களுக்கு ஏழு கட்டளைகளைப் படிப்படியாகக் கற்றுக்கொடுப்பது அழகு. ஆனால் பிளாஸ்டிக் பாட்டிலில் சில்லறை போட்டுக் குலுக்கிக் குரைப்பை நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. துணிச்சலான நாய் ஒரு மாதத்தில் அதைக் கண்டுகொள்ளாது. பயந்த நாய் பாட்டிலோடு சேர்த்துப் பெல், விருந்தாளி, தீபாவளி வெடி எல்லாவற்றுக்கும் மிரளத் தொடங்கலாம். பெல் ஒலியை மொபைலில் பதிந்து, மெதுவாக ஒலிக்கவிட்டு, உடனே பாயின் மேல் தீனியை எறியுங்கள். பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை, ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பெல் முன்னால், தீனி பின்னால். வரிசை தலைகீழானால் பலன் இல்லை.

1980-இல் பிபிசியில் 'வாக்கீஸ்' என்று கூவிப் புகழ்பெற்ற பார்பரா வுட்ஹவுஸின் சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) இன்னும் கடைகளில் தொங்குகிறது. வாங்காதீர்கள். மாட்டும் திசை மாறினால் இறுகிய சங்கிலி தளரவே தளராது.

கடைசியாக, எந்த நிகழ்ச்சியிலும் இல்லாத ஒன்று. அமெரிக்க, பிரிட்டிஷ் தெருக்களில் எதிரே வரும் நாய் பெரும்பாலும் லீஷில் வரும், தூரத்தை நீங்கள் தீர்மானிக்கலாம். நம் தெருவில் நான்கு நாய்கள் தாங்களாகவே வந்து சூழும். அதனால் 'வா, திரும்பு' என்ற சொல்லுக்குச் சட்டென்று திரும்பி உங்களோடு நடப்பதை, எந்த நாயும் இல்லாத இடத்தில் நாளுக்கு இருபது முறை வீதம் இரண்டு வாரம் பழக்குங்கள். நிறுத்தியிருக்கும் கார், ஆட்டோவை மறைப்பாக்கிக்கொள்ளுங்கள். நெருங்கிவிட்டால் லீஷை இறுக்காதீர்கள், இறுகிய லீஷில் நாயின் நிமிர்ந்த மார்பு மற்ற நாய்களுக்குச் சண்டைக்கு வருவதுபோலத் தெரியும். ஒரு கைப்பிடித் தீனியைத் தெருநாய்கள் பக்கம் வீசிவிட்டு, உங்கள் நாயோடு எதிர்த் திசையில் நடையைக் கட்டுங்கள்.