நோய்ப் பரவலை முந்திக் காட்டுவது எது: ஓ.பி. பதிவேடா, மெடிக்கல் ஷாப் பில்லா, சாக்கடை நீரா?

ஊர்க் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டால் தடயம் பல இடங்களில் விழும். முதலில் மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வேகமாகக் கரையும். அடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயிற்றுப்போக்கு என்று கூட்டம் சேரும். மல மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர மேலும் இரண்டு மூன்று நாள் ஆகும். எது முதலில் தெரிகிறது என்று மட்டும் பார்த்தால் கடை பில்தான் ஜெயிக்கும். மணி அடித்ததும் எந்தத் தெருவுக்கு ஓடுவது என்றும் சேர்த்துக் கேட்டால் கதை வேறு.

படிவ வழி

இந்தியாவில் 2004 முதல் நடக்கும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்துக்கு மூன்று படிவங்கள். அறிகுறியை மட்டும் வைத்துக் கிராம சுகாதார செவிலியர் நிரப்புவது எஸ் படிவம், மருத்துவர் தன் கணிப்பை எழுதுவது பி, ஆய்வகம் உறுதிசெய்து தருவது எல். வாரக் கணக்காகப் போய்க்கொண்டிருந்த இது 2021 ஏப்ரலில் புதிய இணையதளத்துக்கு மாறியது. 18 ஆக இருந்த நோய்கள் 33 ஆயின, தகவலும் அன்றன்றைக்கே ஏற வழி பிறந்தது.

இதன் பெரிய பலம் முகவரி. எந்தக் கிராமம் என்று தெரிந்தால் அன்றைக்கே மேல்நிலைத் தொட்டியைப் பார்க்கலாம், கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதிக்கலாம், ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே குச்சியில் எடுக்கும் மல மாதிரியை, கிருமி சாகாமல் ஆய்வகம்வரை காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் எடுத்துவிடலாம். பலவீனம், தனியார் கிளினிக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கணக்கில் வராதது. பி படிவத்தில் டைஃபாய்டு குவிந்திருந்தால் பதறுவதற்கு முன், அவை ஒரே ஒரு வைடால் பரிசோதனையை (ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்ப்பது, பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும்) நம்பி எழுதியவையா என்று கேளுங்கள். டெங்குவிலும் எல் படிவ எண்களைக் கூட்டிவிடக் கூடாது. வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை பாசிட்டிவ் என்றால் காய்ச்சலின் முதல் ஐந்தாறு நாட்கள், உடலின் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். அதற்குப் பிந்தியது. கொசு ஒழிப்பு ஆட்களை எங்கே அனுப்புவது என்பதற்கு முன்னதுதான் உதவும்.

எண்ணிக்கை எப்போது எச்சரிக்கை ஆகிறது?

பெரும்பாலான இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான். எளிய விதி: கடந்த ஏழு நாட்களின் சராசரியோடு திட்ட விலக்கத்தின் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) மூன்று மடங்கைக் கூட்டுங்கள், இன்றைய எண் அதைத் தாண்டினால் மணி. ஒரு நிலையத்தில் வயிற்றுப்போக்கு 4, 6, 5, 3, 7, 5, 5 என்று வந்திருந்தால் சராசரி 5, விலக்கம் 1.29, வரம்பு 8.9. இன்று 9 பேர் வந்தாலே மணி அடிக்கும். இப்போது ஞாயிறு ஓ.பி. கிடையாது என்று வைத்துக்கொள்வோம்: 6, 6, 5, 5, 7, 6, 0. சராசரி அதே 5 தான். ஆனால் விலக்கம் 2.31, வரம்பு 11.9. அந்த ஒற்றைப் பூஜ்யத்தால் 11 பேர் வந்தும் கணினி வாயைத் திறக்காது. எனவே ஞாயிறைக் கணக்கிலிருந்து நீக்குங்கள், அல்லது திங்களைத் திங்களோடு ஒப்பிடுங்கள். 'நோயாளி யாருமில்லை', 'அறிக்கை வரவில்லை' இரண்டையும் ஒரே பூஜ்யமாகப் பதிவது இதைவிட மோசம்.

பொய் மணியும் உண்டு. ஏழே நாள் அடிப்படை என்பதால், எதுவும் நடக்காத நாளிலும் நூற்றுக்கு ஒன்றரை வரிசை (ஒரு நிலையத்தின் ஒரு அறிகுறிக்கான எண்கள் ஒரு வரிசை) வரம்பைத் தாண்டும். 100 நிலையம், ஐந்து அறிகுறி என்றால் தினம் ஏழெட்டு. இத்தனைக்கும் ஜீப் அனுப்ப எந்த மாவட்டத்தாலும் முடியாது. அடுத்த நாளும் தாண்டுகிறதா, பக்கத்து நிலையத்திலும் ஏறுகிறதா என்று பார்த்து வடிகட்டியாக வேண்டும்.

கடை பில், தேடல்

1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியே கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி பரவி, சுமார் நான்கு லட்சம் பேர் நோயுற்றனர். ஆய்வகங்கள் வழக்கமாகத் தேடாத கிருமி அது. ஆனால் வயிற்றுப்போக்கு மருந்து விற்பனை எகிறியிருந்தது. கடைக் கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் தள்ளுபடி போட்டாலும் பில் ஏறும், பயத்தில் வாங்கி வைத்தாலும் ஏறும். வாங்கியவர் வீடு எங்கே என்று பில் சொல்லாது.

இணையத்தில் மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை நம்பியவர்கள் இன்னும் சூடுபட்டார்கள். தேடல் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணிக்க 2008-இல் வந்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2009 வசந்தத்தில் பன்றிக் காய்ச்சலின் முதல் அலையைத் தவறவிட்டது, 2012-13 குளிர்காலத்தில் இருந்ததைப் போல இரு மடங்குக்கு மேல் காட்டியது, 2015-இல் நிறுத்தப்பட்டது. செய்தி பார்த்துப் பயந்து தேடுகிறவரும் காய்ச்சலில் தேடுகிறவரும் அதற்கு ஒன்றுதான்.

சாக்கடை நீர்

தொற்றியவர்களின் மலத்தோடு வெளியேறும் கிருமியைச் சாக்கடை நீரில் தேடுவது இந்த வழி. போலியோவுக்கு இதை அடிக்க வேறு வழி இல்லை. தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் செயலிழக்கும் வாதம் வரும். மருத்துவமனை வாசலில் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். 2022-இல் லண்டன் பெக்டன் சுத்திகரிப்பு நிலைய நீரில் போலியோ வைரஸ் தொடர்ந்து தென்பட, வாத நோயாளி ஒருவர்கூட இல்லாமலே ஒன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குக் கூடுதல் தடுப்பூசி போட்டார்கள்.

மாதிரியை 24 மணி நேரமும் சிறுகச் சிறுக எடுத்துக் கலக்க வேண்டும், 4 டிகிரி குளிரில் கொண்டுபோக வேண்டும். மழை பெய்தால் நீர்த்துப்போகும். அதற்காகவே, மிளகாய் உணவு வழியே நம் மலத்தில் எப்போதும் இருக்கும் பெப்பர் மைல்டு மாட்டில் வைரஸை அளவுகோலாக வைத்து எண்ணைச் சரிசெய்கிறார்கள். பாதாளச் சாக்கடை இல்லாமல் செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் ஊரில் இந்த வழி எடுபடாது. கொசுவால் பரவும் டெங்குவுக்கும் இதை நம்பி உட்கார முடியாது.

எதில் பணம் போடுவது?

மாவட்ட அளவில் என்றால் முதல் காசு எஸ், பி படிவங்களுக்கே: வாசலில் ஒரு டேட்டா ஆபரேட்டர், நோயாளியின் ஊர்ப் பெயர் கட்டாயம், தனியார் மருத்துவமனைகளில் கூட்டம் அதிகமுள்ள சிலவற்றையாவது உள்ளே இழுப்பது. பாதாளச் சாக்கடை உள்ள மாநகராட்சியானால் இரண்டாவதாகச் சாக்கடை மாதிரி, போலியோவுக்கும் கொரோனாவுக்கும். கடைக் கணக்குக்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை; ஓ.ஆர்.எஸ். தீர்ந்தால் போன் போடுங்கள் என்று ஒன்றியத்துக்கு இரண்டு கடைக்காரர்களிடம் சொல்லிவைத்தால் போதும்.