பிஎஸ் 5-ஆ, ஸ்டீம் ஃபேமிலீஸா: எங்கள் வீட்டுக்கு எது ஒத்துவந்தது

புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் கீழே அம்மா, நான், தம்பி. மாடியில் அக்கா குடும்பம். கேம் ஆடுகிறவர்கள் மூன்று பேர்: நான், தம்பி, அக்கா மகன். ஒரே கேமை மூன்று தடவை வாங்கக் கட்டுப்படியாகாது. தீபாவளி போனஸில் பிஎஸ் 5 (டிவியில் மாட்டி ஆடும் சோனியின் கேம் கன்சோல்) வாங்கலாமா, இருக்கிற கம்ப்யூட்டர்களில் ஸ்டீம் ஃபேமிலீஸ் (ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய கேம்களைக் குடும்பத்துக்குள் பகிரும் வசதி) போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்து, கடைசியில் ஸ்டீம் பக்கம் வந்தோம்.

பிஎஸ் 5-இல் பகிர்வது சுலபம். என் கணக்கில் ‘கன்சோல் ஷேரிங்’ போட்டால், அந்த கன்சோலில் யார் தங்கள் கணக்கில் நுழைந்தாலும் என் கேம்களை ஆடலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பிஎஸ் 5-க்குத்தான் அந்த வசதி. எங்கள் வீட்டில் டிவியும் ஒன்றுதான். எட்டு மணிக்கு அம்மா சீரியல் போட்டால் கன்சோல் சும்மா கிடக்கும். டிஸ்க் வாங்கினால் ஆடி முடித்து விற்றுவிடலாம். ஸ்டீமில் அதற்கு வழியே இல்லை, அது பெரிய குறைதான். நிண்டெண்டோ கன்சோலை நான் வைத்திருந்ததில்லை. அதில் டிஜிட்டல் கேமைக் குடும்பத்தில் ஒருவருக்கு 14 நாள் இரவல் தரலாம், அப்புறம் தானே திரும்பிவிடும்.

2024 செப்டம்பரில் எல்லோருக்கும் வந்த ஸ்டீம் ஃபேமிலீஸில் 6 பேர் வரை சேரலாம். நான் கார் கேம் ஆடும்போதே பக்கத்து மேசையில் தம்பி என் லைப்ரரியிலிருந்து (நான் வாங்கிய கேம்களிலிருந்து) வேறு கேம் ஆடுகிறான். அவனவன் சேவ் (ஆடி நிறுத்திய இடம்) அவனவனுக்கு. ஒரே கேமை இருவரும் ஒரே நேரத்தில் ஆட மட்டும் இரண்டு பிரதி வேண்டும். சில கேம்கள் பகிர்வுக்கே வராது. அக்காவும் ஒரு கணக்கு தொடங்கி, மகனுக்குப் பள்ளி நாளில் ஒரு மணி நேரம் என்று பூட்டிவிட்டாள். அவன் ஏதாவது வாங்கக் கேட்டாலும் அவளிடம்தான் போகிறது.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் மிகவும் கவனம் வேண்டும். சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆனால் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகாமல் வேறு குடும்பத்தில் சேர முடியாது. அவர் விட்டுப்போன இடத்தையும் அதுவரை நிரப்ப முடியாது. அதைவிட முக்கியம், என் கேமை ஆடும்போது ஒருவர் சீட்டிங் செய்து, அதாவது ஏமாற்றி ஆடி, தடை வாங்கினால், அந்த கேமில் எனக்கும் தடை விழும். பல வருடம் ஆடிச் சேர்த்தது அதோடு போச்சு. ஸ்டீமும் இதை ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு என்றுதான் சொல்கிறது.

எங்களில் நாலு பேர் போக இரண்டு இடம் காலி. எதிர்த் தெரு நண்பன், “மச்சான், என்னையும் சேத்துக்கோடா” என்றான். நல்லவன்தான், ஆனால் அவன் சிஸ்டத்தில் அவன் அண்ணனும் ஆடுவான், அண்ணனின் நண்பர்களும் ஆடுவார்கள். விஷயத்தை விளக்கிச் சொல்லி, “ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, என் சிஸ்டத்துலயே ஆடு” என்றேன். வாராவாரம் வருகிறான்.