மதர்போர்டு போகவில்லை, பேட்டரிதான் போயிருந்தது

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, மனதார ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன். வீட்டில் இருப்பது விண்டோஸ் 7 காலத்து டெஸ்க்டாப், காலையில் ஆன் செய்தாலே கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்' (சேமித்து வைத்த செட்டிங் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்) என்று வந்து நிற்கும், எஃப்1 அழுத்தினால்தான் உள்ளே போகும், அப்புறம் தேதி பல வருஷம் பின்னால் போயிருப்பதால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று எச்சரிக்கை. வீட்டுப் பக்கத்துக் கடையில் மதர்போர்டையே, அதாவது எல்லா பாகங்களும் இணையும் முக்கிய போர்டையே, மாற்றச் சொன்னார்கள். நான் கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டேன்!

ரிச்சி தெருக் கடை அண்ணன் தேதி மாறுகிறதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் மூடியைக் கழற்றி, மதர்போர்டில் இருந்த நாணயம் மாதிரி பேட்டரியை எடுத்து மல்டிமீட்டரில் வைத்துக் காட்டினார். 3 வோல்ட் இருக்க வேண்டியது, 2.2 தான் இருந்தது. கரண்ட் இல்லாதபோது பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கையும் கடிகாரத்தையும் காப்பாற்றுவது அதுதானாம். புது சிஆர்2032 பேட்டரி போட்டு, பயாஸில் தேதி நேரத்தைச் சரி செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்தும் காட்டினார். பேட்டரி காசு மட்டும்தான் வாங்கினார், வேலைக்கு எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். மூன்று மாதமாகிறது, அந்த எரர் திரும்ப வரவே இல்லை. சனிக்கிழமை மட்டும் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.