நள்ளிரவில் இடப்பக்கம் சாயும் ஒலி: ஒரு வால்யூம் குமிழோடு ஒன்பது ஆண்டுகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை 2015ஆம் ஆண்டு வாங்கினேன். ஒரு சிடி பிளேயரும் ஒரு புளூடூத் ரிசீவரும் அதனோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. நான் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான். அடுத்த அறையில் பிள்ளைகள் தூங்குவதால் ஒலியைக் கூட்ட முடியாது. வால்யூம் குமிழில் உள்ள கோட்டைக் கடிகார முள்ளாகக் கொண்டால், ஏழு மணி என்பது ஒலியே இல்லாத நிலை, மாலை ஐந்து மணி என்பது முழு ஒலி. என் குமிழ் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையிலேயே வாழ்நாளைக் கழித்திருக்கிறது. தொல்லை முழுவதும் அந்தச் சிறிய இடைவெளியில்தான் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

2020 வாக்கில் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வரத் தொடங்கியது. கூடவே, குறைந்த ஒலியில் பாடகரின் குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவிலிருந்து வராமல் இடப்பக்கம் நகர்ந்து நின்றது. முதலில் என் வலது காதைத்தான் சந்தேகித்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தபோது குரல் வலது காதின் பக்கம் வந்தது; ஆகவே காது குற்றமற்றது. பிறகு சிடி பிளேயரிலிருந்து வரும் இடது, வலது கம்பிகளை ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் மாற்றிச் செருகினேன். சாய்வு மாறவில்லை என்பதால் பிளேயரிலும் கம்பியிலும் பிழை இல்லை. ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றியபோது சாய்வும் பக்கம் மாறியது. ஆகவே ஸ்பீக்கர்களும் தப்பின. மிஞ்சியது ஆம்ப்ளிஃபையர் மட்டுமே. இந்தச் சோதனைக்கு மோனோவில், அதாவது இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலி வரும்படி, பதிவான பழைய நாகஸ்வரக் கச்சேரி ஒன்றைப் பயன்படுத்தினேன். மோனோப் பதிவு மிகச் சரியாக நடுவில் நிற்க வேண்டும் என்பதால், அரை அடி விலகினாலும் காது காட்டிக்கொடுத்துவிடும்.

கரகரப்புக்கு மருந்து எளிது. மின்னிணைப்பைத் துண்டித்து, உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களின் மின்னூட்டம் வடியும் வரை காத்திருந்து, வால்யூம் கன்ட்ரோலின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு அடித்து, குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முப்பது நாற்பது முறை திருப்பினேன். கார்பன் தடத்தின் மேல் உராய்ந்து செல்லும் தொடுமுனையில் படிந்த அழுக்கு விலகி, சத்தம் நின்றுவிட்டது. துரு நீக்கும் எண்ணெயை இதற்குப் பயன்படுத்துவோரைப் பார்த்திருக்கிறேன். அது பிசுக்கை விட்டுச்சென்று தூசியைச் சேர்க்கும் என்பதால் நான் அதைத் தொடவில்லை. ஆனால் சாய்வு அப்படியே இருந்தது.

பேலன்ஸ் குமிழைச் சற்று வலப்பக்கம் திருப்பிச் சரிசெய்தால், பகலில் ஒலியைக் கூட்டும்போது குரல் வலப்பக்கம் ஓடியது. ஒலி அளவுக்கு ஏற்ப மாறும் பிழையை நிலையான ஒரு திருத்தத்தால் ஈடுகட்ட முடியாது என்பதை இதிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரிந்துகொள்ளாமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசென்றேன்.

அவர் ‘பாட்’ (பொட்டென்ஷியோமீட்டர், அதாவது குமிழுக்குப் பின்னால் இருக்கும், திருப்பத் திருப்ப மாறும் மின்தடை) போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றைப் பொருத்தித் தந்தார். வீட்டுக்கு வந்து குமிழைத் தொட்டதும் பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். குமிழ் எட்டு மணி நிலையில் இருக்கும்போதே கூடம் அதிர்ந்தது. ஒன்பதுக்கு மேல் திருப்பினால் பெரிய வேறுபாடே இல்லை. திறந்து பார்த்தபோது புதிய ‘பாட்’டின் மேல் ‘பி50கே’ என்று அச்சிட்டிருந்தது. கழற்றிய பழையதிலோ ‘ஏ50கே’ என்று இருந்தது. ஆசிய நாடுகளில் தயாராகும் ‘பாட்’களில் ‘பி’ என்பது மின்தடை சீராக மாறும் வகையையும், ‘ஏ’ என்பது ஒலிக்கென்றே மடக்கை முறையில் வளையும் வகையையும் குறிக்கும். நம் காது ஒலியின் ஏற்றத்தை மடங்குகளாகவே உணர்வதால், ‘ஏ’ வகை பாதி திருப்பத்தில் மின்னழுத்தத்தில் 10 முதல் 15 விழுக்காட்டை மட்டுமே கடத்தும். ‘பி’ வகை அதே இடத்தில் 50 விழுக்காட்டைக் கடத்திவிடும். எண் ஒன்றாக இருந்தாலும் முன்னே நிற்கும் ஓர் எழுத்து இரவின் அமைதியைத் தீர்மானிக்கிறது. பழுதுபார்ப்பவரைக் குறை சொல்ல மனமில்லை. அவரிடம் அன்று இருந்தது அதுதான்.

சென்னை ரிச்சி தெருவில், இடது வலது இரண்டு சானல்களுக்கும் சேர்த்த இரட்டை ‘ஏ50கே’ ஒன்றை வாங்கி நானே சோல்டரிங் செய்து பொருத்தினேன். ஒலி பழையபடி படிப்படியாக ஏறியது. ஆனால் இரவு பத்து மணிக்குக் குரல் நடுவில் இல்லை. இம்முறை வலப்பக்கம் நின்றது!

அப்போதுதான் அளந்து பார்க்கத் துணிந்தேன். சிடியில் 400 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றைப் பதிந்து ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். மலிவான மல்டிமீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் மாறுமின்னழுத்தத்தைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதால் 1,000 ஹெர்ட்ஸைத் தவிர்த்தேன். எட்டு மணி நிலையில் இடப்பக்கம் 22 மில்லிவோல்ட், வலப்பக்கம் 40 மில்லிவோல்ட், அதாவது ஐந்து டெசிபலுக்கும் மேற்பட்ட வேறுபாடு. ஒன்பது மணிக்கு அது ஒரு டெசிபல் அளவுக்குச் சுருங்கியது. பன்னிரண்டு மணிக்கு வேறுபாடே தெரியவில்லை.

காரணம் இதுதான். ஒரே அச்சில் கோர்த்த இரண்டு கார்பன் தடங்களையும் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்கும்படி செய்வது கடினம். தடத்தின் தொடக்கத்தில், மின்தடை மிகச் சிறிதாக இருக்கும் இடத்தில், அற்ப வேறுபாடும் விகிதத்தில் பெரிதாகிவிடும். இது பழுதன்று, அந்தப் பொருளின் இயல்பு. பழைய ‘பாட்’டும் ஒருவேளை நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். அந்தத் தொடக்கப் பகுதியிலேயே நான் குமிழை வைத்திருந்ததற்குச் சிடி பிளேயரும் ஒரு காரணம். அது அதிகபட்சமாக 2 வோல்ட் வரை வெளியிடுகிறது, ஆம்ப்ளிஃபையரோ 0.2 வோல்ட் கிடைத்தாலே முழுத் திறனையும் எட்டிவிடும் வகையில் அமைந்தது. இரண்டுக்கும் இடையே 20 டெசிபல் இருப்பதால், குமிழின் மேற்பாதி எனக்கு ஒருபோதும் பயன்பட்டதில்லை.

ஆகவே குமிழை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் ஒலியைக் குறைத்தேன். ஒவ்வொரு சானலிலும் 6.8 கிலோ ஓம் மின்தடையைத் தொடராகவும், அதற்குப் பின் 3.3 கிலோ ஓம் மின்தடையைத் தரை முனைக்குக் குறுக்காகவும் இணைத்தால் ஏறத்தாழ 10 டெசிபல் குறையும். ஒரு விழுக்காட்டுத் துல்லியமுள்ள நான்கு மெட்டல் ஃபிலிம் மின்தடைகளை ஒரு சிறிய தகரப் பெட்டியில் அடைத்து, சிடி பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் செருகினேன். புதிய ‘பாட்’டின் விலையைவிடக் குறைவான செலவுதான். அதே இரவு நேர ஒலிக்கு இப்போது குமிழ் பத்து மணியில் நிற்கிறது, நாகஸ்வரமும் நடுவில் நிற்கிறது.

இதை 2021இல் செய்தேன். 2024 வரை ஒருமுறை மட்டும் கிளீனர் அடிக்க வேண்டியிருந்தது. ஒலியின் தெளிவில் எந்தக் குறையும் எனக்குத் தென்படவில்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால் கேட்கும் மெல்லிய இரைச்சல் மட்டும் முன்பிருந்த அளவிலேயே இருக்கிறது. அது குமிழுக்குப் பின்னாலுள்ள சுற்றில் பிறப்பதால் என் தகரப் பெட்டி அதைத் தொட முடியாது. கணினியிலிருந்து பாட்டுக் கேட்பவர்கள் இந்தப் பெட்டியைச் செய்ய வேண்டியதே இல்லை. மென்பொருளில் 10 டெசிபல் குறைத்து, வெளியீட்டை 24 பிட்டில் வைத்துக்கொண்டால் போதும்.

ஓர் அசௌகரியம் உண்டு. பெட்டி சிடி பிளேயரின் வழியில் மட்டுமே இருப்பதால், அதிலிருந்து புளூடூத்துக்கு மாற்றும்போது ஒலி திடீரென எகிறுகிறது. பத்து மணிக்கு நேராகக் குமிழின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒன்றை வைத்து, புளூடூத்துக்கு மாற்றும் முன் அதற்குக் கீழே இறக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். என் மகள் மட்டும் இன்னும் அதைக் கடைப்பிடிப்பதில்லை.