தண்ணீர் இல்லாத ஆற்றில் படகுச் சவாரி: பிக் பெண்ட் போகிறவர்கள் கவனத்துக்கு

டெக்ஸாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் படகுச் சவாரிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 600 டாலரை ஆற்றில் போட்டவன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் ஆற்றையே அளந்து பார்க்கவில்லை.

ஹூஸ்டனிலிருந்து பத்து மணி நேரம் காரில் போனோம். நான், மனைவி, அண்ணன், அண்ணி. ஒரு கரை அமெரிக்கா, மறுகரை மெக்ஸிகோ, நடுவே ரியோ கிராண்டேயில் நாம் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. பூங்காவுக்கு வெளியே டெர்லிங்குவா பக்கம் படகு விடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு நிறுவனத்தில் ஒரு மாதம் முன்பே முழுப் பணமும் கட்டிப் பதிவு செய்தேன். லஹிட்டாஸில் ஏறி, சாண்டா எலினா பள்ளத்தாக்கின் ஊடாக 20 மைல் மிதந்துவருவது, முழு நாள். படத்தில் ஆறு கரை தொட்டு ஓடியது.

ஏப்ரல் கடைசி வாரம். காலையில் வேன் லஹிட்டாஸ் பக்கம் திரும்பாமல் பூங்காவுக்குள் நுழைந்தபோதுதான் கேட்டேன். "தண்ணீர் குறைவு. பள்ளத்தாக்கின் வாயிலிலிருந்து எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் உள்ளே போய்த் திரும்பிவிடுவோம்" என்றார் வழிகாட்டி. இதற்கு அங்கே 'பூமராங்' என்று பெயராம். பாவம், அந்தப் பையன்மேல் குற்றமில்லை.

போனோம் என்பதைவிட இழுத்தோம் என்பதே சரி. கணுக்கால் அளவுத் தண்ணீர். அம்மிக்கல்லை முற்றத்தில் நகர்த்துவதுபோல் படகின் அடி கூழாங்கல்லில் கரகரவென்று உரசியது. பத்தடிக்கு ஒருமுறை இறங்கித் தள்ள வேண்டும். சேற்றில் சிக்கிய அண்ணியின் ஒரு செருப்பு திரும்பி வரவே இல்லை. பள்ளத்தாக்கைக் குறை சொல்ல மாட்டேன். இருபுறமும் 1,500 அடி வரை எழும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள், மேலே ஒரு கீற்று வானம்; அண்ணன் சிறிது நேரம் பேச்சையே நிறுத்திவிட்டார். ஆனால் கரையோரமாக அதே பள்ளத்தாக்குக்குள் நடைபாதை ஒன்று போகிறது. நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஒரு காசு தராமல் நடந்துவந்த குடும்பங்கள், படகைத் தள்ளிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துக் கைகாட்டின.

அலுவலகத்தில் கேட்டால், "ஆற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பதில். நீர்நிலையைப் பொறுத்துப் பாதை மாறலாம் என்று ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறதாம். இருந்தது. அதே மேசையில் இருந்த விலைப்பட்டியலில் பூமராங் பயணமும் இருந்தது, ஆளுக்கு 60 டாலர் குறைவாக. அந்த வித்தியாசத்தையாவது கொடுங்கள் என்றேன். மதிய உணவு கொடுத்தோமே என்றார்கள். உணவு என்பது ஆளுக்கு ஒரு சப்பாத்திச் சுருளும் ஒரு பொட்டலம் வறுவலும்.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து தேடியபோதுதான் வயிறு எரிந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை காஸ்டலான் அருகே நீரோட்டத்தை அளந்து இணையத்தில் போடுகிறது. ஒரு வாரமாகவே விநாடிக்கு நூறு கன அடிக்கும் கீழே. கோடு தட்டையாகக் கிடந்தது. படகு விடுகிறவர்கள் காலையில் எழுந்ததும் பார்க்கும் எண் அது. மேட்டூருக்கு இன்று எத்தனை கன அடி என்று தினமும் செய்தியில் கேட்டு வளர்ந்த எனக்கு, ஓர் ஆற்றில் இறங்குமுன் அதைக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்!

அங்கே ஓடுவதும் பெரும்பாலும் மெக்ஸிகோவின் கொஞ்சோஸ் ஆற்றுத் தண்ணீர்தான். மேலே எல் பாஸோவைத் தாண்டுவதற்குள் ரியோ கிராண்டேயைப் பாசனத்துக்கு உறிஞ்சிவிடுகிறார்கள். ஒஹினாகா அருகே கொஞ்சோஸ் வந்து கலந்தால்தான் ஆறு மறுபடி ஆறாகிறது. ஆகவே பூங்காவில் வெயிலா மழையா என்று பார்ப்பதால் பயனில்லை. கன அடியைப் பாருங்கள். எத்தனை கன அடிக்குக் கீழே போனால் பாதையை மாற்றுவீர்கள், அப்போது எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது எதுவும் நிற்காது. பாஸ்போர்ட்டையும் மறக்காதீர்கள்; திரும்பும் வழியில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது என்று அந்த நிறுவனம் எங்களிடம் மூச்சுகூட விடவில்லை.

கடன் அட்டை வங்கியில் புகார் கொடுத்தேன். நான் கையெழுத்திட்ட அந்தச் சிறிய எழுத்து வரியைப் படகு நிறுவனத்தார் மஞ்சள் பூசி வங்கிக்கு அனுப்பியிருந்தார்கள். புகார் தள்ளுபடி.