கார்த்திகை மழையில் தெப்பக்குளம்

சிங்கப்பூரில் பள்ளிக்கூடத்து நீண்ட விடுமுறை நவம்பர் கடைசியில் வரும். அதனால் எங்களுக்கு வாய்ப்பது எப்போதும் மழைக்கால மதுரைதான். இந்தத் தடவை அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். தேக்கடிப் படகில் ஒருமுறை போய்வர வேண்டும். எழுபத்து மூன்று வயதில் அவராக வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

காரும் படகு டிக்கெட்டும் சேர்த்து ஒரு டிராவல்ஸ்காரரிடம் பணம் கட்டினேன். முதல் நாள் ராத்திரி போன் பண்ணி, “மழை இப்படிக் கொட்டுதே, நாளைக்குப் போட் ஓடுமா?” என்று கேட்டேன். “அதெல்லாம் ஓடும் மேடம், நம்பிக் கிளம்புங்க” என்றார். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி தாண்டி தேனிக்குள் நுழையும்போது எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்கு மழை. டிரைவர் அண்ணன் ஓரமாக நிறுத்தி, குமுளியில் தெரிந்தவருக்குப் போன் போட்டார். காலைப் படகு கிடையாது. இது நேற்றே ஆபீசுக்குத் தெரியும் என்பதையும் அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆபீசில் கேட்டால், “வண்டி ஓடிருச்சுல்ல மேடம், டிக்கெட் பணம் திரும்ப வராது” என்று பதில்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது வேறு. 2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் விடுமுறைக்குப் போய்வரும் இடம் அது. அந்தச் செய்தி வந்த நாளை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. மழையில் படகு ஓடுமா என்று ஒருத்தி கேட்டால், அது பொழுதுபோகாமல் கேட்கிற கேள்வி இல்லை. வயதான அம்மாவையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகிறவளுக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

தேனியில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். அம்மா வழியெல்லாம் பேசவேயில்லை.

மறுநாள் சாயங்காலம் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆட்டோ பிடித்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனோம். காமராசர் சாலை முடிந்து குளம் கண்ணில் பட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். படிக்கட்டுவரை தண்ணீர். “நான் கல்யாணமாகி வந்த காலத்துல இருந்து இதுக்குள்ள பையங்க கிரிக்கெட் ஆடித்தான் பாத்திருக்கேன். தைப்பூசத் தெப்பத்துக்குத் தண்ணி விட்டா உண்டு” என்றார். ஏறக்குறைய ஆயிரம் அடி நீளமும் தொள்ளாயிரத்து ஐம்பது அடி அகலமும் உள்ள குளம். வறண்டு கிடந்தபோது இதன் அளவே எனக்குப் புரிந்ததில்லை.

படகோட்டிய தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதலில் லைஃப் ஜாக்கெட். மகளுக்குக் கொடுத்தது பெரிதாக இருந்தது. அவர் அதைக் கழற்றி வாங்கிப் போய்ச் சின்னதாக ஒன்று தேடிக் கொண்டுவந்தார். வாரை இறுக்கி, தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். காதுவரை ஏறுகிறதா என்று பார்க்கிறாராம். ஏறினால் தண்ணீருக்குள் தலை வழியாகக் கழன்றுவிடும். சிங்கப்பூரில் எத்தனையோ படகில் ஏறியிருக்கிறேன், இப்படி ஒருத்தர் தூக்கிப் பார்த்து நான் பார்த்ததில்லை. பிறகு ஆட்களை எடை பார்த்து இரண்டு பக்கமும் பிரித்து உட்காரவைத்தார். “போட்டோ எடுக்கிறேன்னு எல்லாரும் ஒரே பக்கம் வந்துறாதீங்க. அம்மா, கையை உள்ள வச்சுக்கங்க.”

மைய மண்டபத்தை நெருங்கும்போது அம்மா பேத்திக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். திருமலை நாயக்கர் 1645-இல் கட்டிய குளம் இது, மகாலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமாச்சு, மண்ணுக்குள்ளிருந்து வந்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்று ஊரில் சொல்லும் கதை. “முக்குறுணின்னா என்ன அம்மாச்சி?” “பதினெட்டுப் படி அரிசி. சதுர்த்திக்கு அவ்வளவு அரிசியிலயும் அவருக்கு ஒரே கொழுக்கட்டை.” மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது வைகைப் பக்கம் கறுத்து ஒரு மின்னல் வெட்டியது. சுற்று பாதிகூட முடியவில்லை, தம்பி படகைத் திருப்பிவிட்டார். கூட இருந்த ஒருவர், “காசு கொடுத்திருக்கோம்ல?” என்றார். “காசு எங்கயும் போகாதுண்ணே. நடுக்குளத்துல நம்ம தலைதான் உசரம். இடி நின்னதும் நானே கூப்பிடுறேன்.”

கரை ஏறவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. ஒரு வண்டிக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கிச் சூடாகப் பருத்திப்பால் வாங்கினோம். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்க, அம்மாவின் முகத்தில் இரண்டு நாளாகக் காணாத தெளிவு. முக்கால் மணி நேரம் கழித்துத் தூறல் மட்டும் இருந்தது. அந்தத் தம்பி சொன்னபடி தேடிவந்து கூப்பிட்டார். ஜாக்கெட்டை மறுபடியும் தூக்கிப் பார்த்தார். மேற்கொண்டு ஒரு ரூபாய் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் ஊருக்கு வருகிறவர்கள் படகுப் பயணத்துக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். கட்டுவதற்குமுன், படகு ஓடாவிட்டால் என்ன என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்துணி ஒன்று கையில் இருக்கட்டும்.

இரண்டாம் முறை போகும்போது, இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மகள் கேட்டாள். வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாக வருகிறது என்றேன். வைகைக்கு? பென்னிகுயிக் 1895-இல் கட்டிமுடித்த பெரியாறு அணையிலிருந்தும் வருகிறது, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக. அந்த அணை தேக்கிய தண்ணீர்தான் தேக்கடி ஏரி.

அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மெல்லக் கையை வெளியே நீட்டி, விரல் நுனியை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையை உள்ளே வைக்கச் சொன்ன தம்பி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. மோட்டாரின் வேகத்தை மட்டும் குறைத்தார்.